கி.மு. 1628: ஓர் ஆண்டும் இரண்டு எரிமலைகளும்

அயர்லாந்துச் சதுப்பு நிலங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த ஓக் மரங்களில், கி.மு. 1628-இல் தொடங்கும் சில வளையங்கள் வழக்கத்துக்கு மாறாக ஒடுங்கியிருக்கின்றன. கலிஃபோர்னியாவின் வெள்ளை மலைத்தொடரில், மூவாயிரம் மீட்டர் உயரத்தில் வளரும் பிரிசில்கோன் பைன் மரங்களில் ஏறக்குறைய அதே காலத்து வளையம் ஒன்றில் உறைபனி அடித்த வடு இருக்கிறது. இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரு பெருங்கடலும் ஒரு கண்டத்தின் அகலமும் கிடக்கின்றன. இரு புறத்து மரங்களும் ஒரே சமயத்தில் குளிரில் ஒடுங்கின என்றால் சூரிய ஒளியை மறைத்தது ஏதோ ஒன்று உலகம் முழுவதும் பரவியிருக்க வேண்டும். 1980-களில் இதைக் கண்ட ஆய்வாளர்கள் விரல் நீட்டியது ஈஜியன் கடலின் தீரா தீவை. இன்று சுற்றுலாப் பயணிகள் சாண்டோரினி என்று அறியும் அதே தீவை.

அந்த அடையாளம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நூல்களிலும் ஆவணப் படங்களிலும் செல்வாக்கோடு இருந்தது. இன்று அது தவறென்று பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. ஆண்டில் பிழையில்லை, கி.மு. 1628-இல் ஓர் எரிமலை வெடித்தது உண்மை. வெடித்த மலைதான் வேறு. பழங்கால வெடிப்புகளுக்கு மர வளையத்தைக் கொண்டு காலம் குறிக்கும் முயற்சியின் வலிமை, பலவீனம் இரண்டும் இந்த ஒரு வழக்கில் அடங்கியிருக்கின்றன.

எரிமலை வெடித்தால் சாம்பல்தான் மரங்களைக் கெடுக்கும் என்று முதலில் தோன்றும். மலையடிவார மரங்களுக்கு அது பொருந்தும். சாம்பல் கனமானது, நாட்களில், மிஞ்சினால் வாரங்களில் தரையிறங்கிவிடும். ஆயிரம் காதத்துக்கு அப்பால் நிற்கும் மரத்தைத் தொடுவது கந்தகம். பெருவெடிப்பில் எழும் கந்தக டை ஆக்சைடு மேகங்களைத் தாண்டி அடுக்கு மண்டலத்துக்குள் ஏறி, அங்கே கந்தக அமிலத்தின் நுண்துளிகளாக மாறுகிறது. அந்த உயரத்தில் மழை கிடையாது. கழுவி இறக்க வழியில்லாமல் ஓரிரு ஆண்டுகள் மிதந்துகொண்டே சூரிய ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. 1991 ஜூன் மாதம் பிலிப்பைன்ஸின் பினட்டுபோ சுமார் ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் கந்தக டை ஆக்சைடைக் கக்கியது. அடுத்த ஆண்டு உலகச் சராசரி வெப்பம் ஏறத்தாழ அரை டிகிரி செல்சியஸ் குறைந்தது. அரை டிகிரி சென்னைவாசிக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் உலகச் சராசரியில் அரை டிகிரி என்றால் சில இடங்களின் கோடையில் பல டிகிரி. மரம் வளர்வதற்கான வெப்பத்தின் கடைசி எல்லையில், மலை உச்சியிலோ துருவத்துக்கு அருகிலோ நிற்கும் மரத்துக்கு அந்தக் கோடை கோடையாகவே இருக்காது.

குளிர்நாட்டு மரத்தின் தண்டில் பட்டைக்கு உள்ளே வசந்தத்தில் பெரிய, மெல்லிய சுவருள்ள செல்கள் உருவாகின்றன. கோடை முடியும் வேளையில் சிறிய, தடித்த சுவருள்ள செல்கள். வெளிறிய வரியும் கருத்த வரியும் சேர்ந்தது ஓர் ஆண்டு. இந்த வளையத்தில் எரிமலைக் குளிர் மூன்று விதமாகத் தடம் பதிக்கலாம். வளையம் ஒடுங்கலாம். அகலம் குறையாவிட்டாலும், கோடை இறுதிச் செல்கள் சுவர் தடிக்கப் போதிய வெப்பம் கிடைக்காமல் கட்டையின் அடர்த்தி குறையலாம். வளரும் பருவத்தின் நடுவில் கடும் உறைபனி விழுந்தால், முதிராத செல்கள் நசுங்கிக் கோணிய வரியொன்று மிஞ்சலாம். இதையே உறைபனி வளையம் என்கிறார்கள். மூன்றில் நம்பகமானது அடர்த்தி. கீத் பிரிஃபாவும் உடன் பணியாற்றியவர்களும் 1998-இல் வடகோளத்துக் காடுகளின் அடர்த்தி அளவுகளைத் தொகுத்தபோது, அறுநூறு ஆண்டுகளில் மிகக் குளிர்ந்த கோடையாக 1601 தனித்து நின்றது. அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் பெருவின் உவாய்னபுட்டினா வெடித்ததை ஸ்பானியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ருஷ்யாவில் 1601 முதல் 1603 வரை பெரும் பஞ்சம்.

1601-க்கு எழுத்துச் சான்று இருக்கிறது. எழுத்து இல்லாத காலத்துக்குப் போவதற்கு முதலில் வளையங்களாலான நாட்காட்டி வேண்டும். வெறுமனே எண்ணினால் போதாது. வறண்ட ஆண்டில் சில மரங்கள் வளையமே போடாமல் விடும்; இடையில் குளிரடித்தால் ஒரே ஆண்டில் இரண்டு வரிகள் விழும். ஆகவே ஒரே வட்டாரத்தின் பல மரங்களில் அகலமும் குறுகலும் மாறிமாறி வரும் வரிசையை ஒன்றோடொன்று பொருத்திச் சரிபார்க்கிறார்கள். உடைந்த கல்வெட்டின் துண்டுகளை எழுத்து ஓடும் வரியைப் பார்த்து இணைப்பது போன்ற வேலை இது. நிற்கும் மரத்தின் உள்வளையங்கள் பழைய வீட்டு உத்திரத்தின் வெளிவளையங்களோடு பொருந்தும். அந்த உத்திரத்தின் உட்புறம் அதனினும் பழைய கட்டையோடு பொருந்தும். இதை ஓர் அறிவியலாக்கியவர் ஒரு வானியலாளர். சூரியப் புள்ளிகளின் சுழற்சியைத் தேடி அரிசோனா பைன்களை அறுத்த ஆண்ட்ரூ டக்ளஸ், 1929-இல் ஷோ லோ என்ற சிற்றூரில் கிடைத்த கரிந்த உத்திரம் ஒன்றால் தொடர்பற்று மிதந்துகொண்டிருந்த பழைய வரிசையை நிகழ்காலத்தோடு இணைத்தார். அமெரிக்கப் பூர்வகுடிகளின் கல்வீடுகளுக்கு அன்றுதான் ஆண்டு கிடைத்தது. 1984-இல் பெல்ஃபாஸ்ட் ஆய்வாளர்களும் ஜெர்மானியரும் சேர்ந்து 7,272 ஆண்டு நீளமுள்ள ஓக் வரிசையை வெளியிட்டார்கள். ஜெர்மனியின் ஹோகன்ஹைம் வரிசை பன்னிரண்டாயிரம் ஆண்டுகளையும் தாண்டுகிறது. இவற்றில் பிழை "சுமார்" என்ற கணக்கில் வராது. ஓர் ஆண்டு என்றால் அந்த ஆண்டுதான்.

இந்தத் துல்லியத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு வளையம் குளிரைச் சொல்லும், ஆண்டைச் சொல்லும். குளிர் எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. ஆண்டு அத்தனை உறுதியாக இருப்பதால், அதோடு ஒட்டவைத்த பெயரும் அதே உறுதியோடு தோற்றமளித்துவிடுகிறது.

1984-இல் அரிசோனாவின் வால்மோர் லமார்ச், கேத்ரின் ஹிர்ஷ்போக் இருவரும் பிரிசில்கோன் உறைபனி வளையங்களை வரலாற்றுக்கால வெடிப்புகளோடு ஒப்பிட்டு, பல பொருந்துவதைக் காட்டினார்கள். அந்தப் பட்டியலின் பழம்பகுதியில் கண்ட ஒரு வடுவை வைத்து, தீரா வெடிப்பு கி.மு. 1628-க்கும் 1626-க்கும் இடையில் நிகழ்ந்திருக்கலாம் என்று தயக்கத்தோடுதான் சொன்னார்கள். 1988-இல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் மைக் பெய்லியும் மார்ட்டின் மன்ரோவும் ஐரிஷ் ஓக்கில் 1628-ஐக் கண்டதும் தயக்கம் கரைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு டேனிஷ் ஆய்வாளர்கள் கிரீன்லாந்துப் பனியைத் துளையிட்டு எடுத்த பனித்தண்டில் கி.மு. 1645-ஐ ஒட்டி ஓர் அமில அடுக்கைக் கண்டு அதையும் தீரா என்றிருந்தார்கள். பதினேழு ஆண்டு இடைவெளியை மூவாயிரத்து அறுநூறு ஆண்டுத் தொலைவில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் தொல்லியலாளர்கள். தீரா அவர்களுக்கு வெறும் எரிமலை இல்லை. 1967-இல் ஸ்பிரிடான் மரினாட்டோஸ் அக்ரோதிரியில் தோண்டத் தொடங்கியபோது, சாம்பலுக்கடியில் சுவரோவியங்களோடு ஒரு வெண்கலக்கால நகரமே கிடைத்தது. அந்த நகரத்தின் மட்பாண்டங்கள் கிரீட்டின் மினோவன் பாண்டங்களோடும், சைப்ரஸ் வழியாக எகிப்தோடும் தொடர்புடையவை. எகிப்திய மன்னர் வரிசையை வைத்துக் கணக்கிட்டால் வெடிப்பு கி.மு. 1500-ஐ ஒட்டி விழுகிறது. நைல் கழிமுகத்தில் தெல் எல்-தபாவைத் தோண்டிய மன்ஃப்ரெட் பீட்டாக், தீராவின் நுரைக்கல் மூன்றாம் துத்மோஸ் காலத்து அடுக்குகளில் கிடைப்பதைச் சுட்டிக்காட்டினார். மரம் சொல்வது சரியென்றால் எகிப்துக்கும் ஈஜியனுக்கும் உள்ள தொடர்பை நூறு ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளி, கிழக்கு மத்தியதரை வெண்கலக்கால வரலாற்றையே மறுபடி எழுத வேண்டும். பல பத்தாண்டுச் சண்டை இது; கருத்தரங்குகள் நடந்தன, நூல்கள் வந்தன. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஸ்டர்ட் மேனிங் முற்பட்ட ஆண்டுக்காக வாதாடியவர்களில் முதன்மையானவர்.

இந்தச் சண்டையின் நடுவே நடந்த ஒன்று, ஓர் ஆண்டின் கவர்ச்சி ஆய்வை எப்படி இழுக்கும் என்பதற்கு நல்ல சாட்சி. துருக்கியில் போர்சுக் என்ற இடத்தின் பழைய உத்திரங்களில் ஒரு வளையம் வழக்கத்தைவிட மிகப் பெருத்திருந்தது. வறண்ட அனடோலியாவில் குளிர்ந்த, ஈரமான கோடை மரத்துக்கு விருந்து. ஆகவே எரிமலை அங்கே வளையத்தைக் குறுக்காமல் பெருக்கவைத்திருக்கலாம் என்பதில் தவறில்லை. 1996-இல் பீட்டர் குனிஹோம் குழுவினர் ரேடியோ கார்பன் அளவுகளால் அந்த மிதக்கும் வரிசையை நிறுத்தியபோது, பெருத்த வளையம் சொல்லிவைத்தாற்போல் கி.மு. 1628-இல் வந்து அமர்ந்தது. ஐந்து ஆண்டுகளில் அதே ஆய்வகத்தார் கூடுதல் அளவுகளைச் செய்து வரிசையை இருபத்திரண்டு ஆண்டுகள் பின்னுக்கு நகர்த்தினார்கள். வளையம் 1650-க்குப் போய்விட்டது. இதில் யாரும் ஏமாற்றவில்லை. பொருந்த வேண்டும் என்று எல்லோரும் காத்திருக்கும் ஓர் ஆண்டுக்குப் பக்கத்தில் ஒரு சான்று வந்து நின்றால், அது உள்ளே வர அதிகச் சோதனை தேவைப்படுவதில்லை என்பதுதான் சங்கடம்.

பனித்தண்டின் கதையும் இதே சமயத்தில் திசை மாறியது. அமில அடுக்கில் கிடைத்த கண்ணாடித் துகள்களின் வேதியியலை நுணுகிப் பார்த்தவர்கள், அவை தீராவின் கண்ணாடியோடு பொருந்தவில்லை, அலாஸ்காவின் அனியாக்சக் எரிமலையோடு பொருந்துகின்றன என்று 2004-இல் எழுதினார்கள். மர வளையத்தால் தர முடியாத பெயரைப் பனி தந்துவிட்டது. ஆனால் பனியின் ஆண்டும் மரத்தின் ஆண்டும் இன்னும் ஒத்துவரவில்லை. இரண்டும் ஒரே நிகழ்வா, இரண்டா?

இங்கே பெய்லியின் வேறொரு பிடிவாதத்தைச் சொல்ல வேண்டும். கி.பி. ஆறாம் நூற்றாண்டில் 536-இலும் 540-இலும் உலகெங்கும் மர வளையங்கள் ஒடுங்குகின்றன. 536-இல் சூரியன் ஆண்டு முழுவதும் நிலவைப்போல் ஒளி மங்கிக் கிடந்ததென்று பைசாந்திய வரலாற்றாளர் புரோகோப்பியஸ் எழுதியிருக்கிறார். பனித்தண்டுகளிலோ அந்த ஆண்டுகளுக்கு நேராக அமிலம் இல்லை. சில ஆண்டுகள் தள்ளி இருந்தது. பலர் எரிமலையே இல்லை, வால்நட்சத்திரமாக இருக்கலாம் என்றெல்லாம் யோசித்தார்கள். பெய்லியே அந்த வழியில் கொஞ்ச தூரம் நடந்தவர். 2008-இல் அவர் நேரடியாகவே சொன்னார்: மரம் சரி, பனியின் கணக்கு ஏழாம் நூற்றாண்டுக்கு முன்னால் ஏழு ஆண்டுகள் பிசகியிருக்கிறது. ஆயிரக்கணக்கான மீட்டர் பனியைப் பல நாடுகள் சேர்ந்து எண்ணிய கணக்கு அது. ஒரு மர ஆய்வாளரின் பேச்சுக்காக அதை மாற்ற அப்போது யாரும் தயாராயில்லை.

தீர்ப்பு வந்தது எரிமலையிலிருந்தோ பனியிலிருந்தோ அல்ல, விண்ணிலிருந்து. 2012-இல் ஜப்பானின் ஃபூசா மியாகே, யாக்கு தீவின் பழைய செடார் மரங்களின் வளையங்களை ஒவ்வொன்றாக அளந்து, கி.பி. 774-க்கும் 775-க்கும் இடையில் கார்பன்-14 ஒரே தாவலில் 1.2 சதவீதம் ஏறியிருப்பதைக் கண்டார். சூரியனின் மிகப் பெரிய சீற்றம் ஒன்று துகள்களை வாரி இறைத்ததன் விளைவு அது என்பது இன்று பரவலான கருத்து. அந்த ஏற்றம் உலகின் எந்த மரத்தை எடுத்தாலும் அதே வளையத்தில் இருக்கிறது. அதே துகள் மழை பனியிலும் பெரிலியம்-10 என்ற தடத்தை விட்டிருக்கிறது. மரத்துக்கும் பனிக்கும் பொதுவான ஓர் ஆணி கிடைத்தது. 2015-இல் மைக்கேல் சிகல் தலைமையில் பெரிய குழு ஒன்று அந்த ஆணியை வைத்துக் கணக்கைச் சரிபார்த்தது. பனியின் பழைய கணக்கு ஏழு ஆண்டுகள் பிசகியிருந்தது. திருத்தியதும் 536-க்கும் 540-க்கும் உரிய கந்தகம் தத்தம் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

இந்த ஆணியின் இன்னொரு பயன் எனக்கு இன்னும் வியப்பானது. எரிமலையால் நேரடியாகக் கொல்லப்பட்ட ஒரு மரம் பட்டையோடு கிடைத்து, அது 775-இல் உயிரோடு இருந்திருந்தால் போதும். எந்த வட்டார நாட்காட்டியும் வேண்டாம். ஏற்றம் தெரியும் வளையத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பட்டை வரை எண்ணினால் மரம் செத்த ஆண்டு வந்துவிடும். சீன, வடகொரிய எல்லையில் இருக்கும் பைக்து மலை (சீனர்களுக்கு சாங்பாய்) கடந்த இரண்டாயிரம் ஆண்டுகளின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்றை நிகழ்த்தியது. அதன் சாம்பல் ஜப்பானின் வடபகுதி வரை விழுந்து கிடக்கிறது. ஆனால் ஆண்டு தெரியாமல், பத்தாம் நூற்றாண்டு என்ற அளவில் அலைந்துகொண்டிருந்தது. கி.பி. 926-இல் கித்தான் படையெடுப்பில் வீழ்ந்த பல்ஹே அரசின் முடிவுக்கு இந்த மலையே காரணம் என்றொரு கவர்ச்சியான கருத்தும் உலவியது. வெடிப்பின் சூடான குப்பையில் புதைந்த லார்ச் மரம் ஒன்றை ஊல்ஃப் பூன்ட்கென், கிளைவ் ஓப்பன்ஹைமர் ஆகியோர் இடம்பெற்ற குழு ஆராய்ந்தது. 775-க்குரிய ஏற்றத்திலிருந்து பட்டை வரை எண்ணியபோது கிடைத்தது 946. 2017-இல் முடிவு வெளியானது. கொரியாவின் 'கொர்யோசா' வரலாறு அந்த ஆண்டில் வானத்தின் முரசு முழங்கியதாகச் சொல்கிறது. ஜப்பானில் நாரா நகரின் கோஃபுகுஜி கோயில் ஆவணம் 946 நவம்பர் 3-ஆம் நாள் பனிபோல் வெண்சாம்பல் விழுந்ததாகக் குறித்திருக்கிறது. மரமும் கோயிலும் ஒரே ஆண்டைச் சொல்கின்றன. பல்ஹே அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது. எரிமலைக்கு அதில் பங்கில்லை.

பைக்துவில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அத்தனை பெரிய வெடிப்பாக இருந்தும் தொலைதூர மரங்களில் அதன் தடம் ஏறக்குறைய இல்லை. கிரீன்லாந்துப் பனியிலும் கந்தகம் சொற்பம். வெடிப்பின் அளவும் குளிரின் அளவும் ஒன்றையொன்று பின்தொடர வேண்டியதில்லை. கந்தகம் எவ்வளவு, எந்த அட்சரேகை, எந்தப் பருவம் என்பவைதான் குளிரைத் தீர்மானிக்கின்றன. பைக்துவின் அடிவாரத்தில் அந்த லார்ச் புதையாமல் இருந்திருந்தால், அயர்லாந்து ஓக்கையும் கலிஃபோர்னிய பைனையும் எத்தனை முறை பார்த்தாலும் 946 வெளிப்பட்டிருக்காது.

ஐஸ்லாந்தின் கட்லாவுக்கும் இதே முறை உதவியது. வெடிப்பால் பனிமலை உருகிப் பெருகிய வெள்ளத்தில் அழிந்த ட்ரும்பாபோட் பிர்ச் காட்டின் ஒரு மரத்தில், 775 ஏற்றத்திலிருந்து எண்ணி, மரம் 822 இலையுதிர்காலத்துக்கும் 823 வசந்தத்துக்கும் இடையில் செத்தது என்று கண்டார்கள். ஐஸ்லாந்தில் மனிதர் நிலையாகக் குடியேறுவதற்கு அரை நூற்றாண்டு முந்தைய நிகழ்வு; எழுதிவைக்க அங்கே ஆள் இல்லை. அமெரிக்காவின் செயிண்ட் ஹெலன்ஸ் மலையில் இந்த ஆணியும் இல்லாமலே, சாம்பலில் அடிபட்டும் பிழைத்த பழைய மரங்களின் வளையங்களிலிருந்து டேவிட் யமகுச்சி 1980-களிலேயே இரண்டு வெடிப்புகளைப் பிரித்தெடுத்திருந்தார்: ஒன்று 1479-80 குளிர்காலம், மற்றது 1482. அடுக்கடுக்காகக் கிடக்கும் இரண்டு சாம்பல்களுக்கு இடையே இரண்டு மூன்று ஆண்டுகள்தான் என்று வேறெந்த முறையாலும் சொல்ல முடிந்திருக்காது.

மலையருகே மரம் கிடைத்தாலும் சறுக்கல் உண்டு. அரிசோனாவின் சன்செட் கிரேட்டர் 1064-இன் குளிர்காலத்தில் வெடித்தது என்று நெடுங்காலம் சுற்றுலாப் பலகைகளிலும் நூல்களிலும் இருந்தது. வுபாட்கி கல்வீட்டின் சில உத்திரங்களில் 1064-க்குப் பின் வளையங்கள் ஒடுங்கியதே ஆதாரம். உத்திரங்களாக வெட்டப்பட்ட அந்த மரங்கள் எங்கே நின்றவை என்று யாருக்கும் தெரியாது; வளையம் ஒடுங்க எரிமலைதான் வேண்டுமென்பதும் இல்லை. இப்போதைய கணிப்பு 1085-ஐ ஒட்டிச் செல்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு வழக்கு நடந்தது. இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் 1257-இல் சமலாஸ் வெடித்தது. பனித்தண்டுகளில் கடந்த இரண்டாயிரம் ஆண்டுகளின் பெரிய கந்தக ஏற்றங்களில் அது ஒன்று. மர வளையங்களில் அதற்கேற்ற குளிர் தெரியவில்லை. குளிரின் கடுமையால் பல மரங்கள் 1258-க்கு வளையமே போடாமல் விட்டிருக்கலாம், அதனால் மர நாட்காட்டியே ஓர் ஆண்டு பிசகியிருக்கலாம் என்று தட்பவெப்ப ஆய்வாளர் மைக்கேல் மான் 2012-இல் வாதிட்டார். மர ஆய்வாளர்கள் கொதித்தெழுந்தார்கள். ஒரு மரம் வளையத்தை விடலாம், ஒரு மலைச்சரிவு முழுவதும் விடலாம். வெப்பமான பள்ளத்தாக்கு மரங்களும் வறண்ட நிலத்து மரங்களும் சேர்ந்து ஒரே ஆண்டைத் தவறவிட முடியாது, பொருத்திப் பார்க்கும் முறையின் உயிரே அதுதான் என்று பதில் எழுதினார்கள். 775-இன் ஏற்றம் உலகெங்கும் ஒரே வளையத்தில் கிடைப்பது அவர்கள் பக்கமே பேசுகிறது.

நம் பக்கத்து மரங்களை இந்தக் கணக்கில் சேர்க்க முடியுமா என்ற கேள்வி இயல்பாக எழும். வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் தெளிவான ஆண்டு வளையம் இல்லை. தேக்கு விதிவிலக்கு; கோடையில் இலையுதிர்த்து மழையில் துளிர்க்கும் மரம் என்பதால் வளையம் தெளிவாக விழுகிறது. கேரளத் தேக்குகளிலிருந்து 1481 முதல் 2003 வரையிலான 523 ஆண்டு வரிசையை புனேயின் வெப்பமண்டல வானிலையியல் நிறுவன ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்டார்கள். அதில் பதிவாகியிருப்பது பருவமழையின் ஏற்ற இறக்கம், குறிப்பாக எல் நினோ ஆண்டுகளின் வறட்சி. எரிமலையின் கை அதில் பட்டிருந்தாலும் மழையின் வழியாகவே பட்டிருக்கும். மழை குறைய வேறு நூறு காரணங்கள் உண்டு. தேக்கைப் பார்த்து எரிமலைக்கு ஆண்டு சொல்வது இப்போதைக்கு ஆகாத காரியம்.

தீராவுக்கு வருவோம். பனியின் கணக்கு ஏழாம் நூற்றாண்டுக்கு முன்னால் பிசகு என்றால், அதைவிடப் பழைய கி.மு. பகுதி எப்படிச் சரியாக இருக்கும்? 2019-இல் ஜானி மெக்கனனியும் மைக் பெய்லியும் இந்தத் திருத்தத்தைப் பின்னோக்கி நீட்டினார்கள். அனியாக்சக்கின் அமில அடுக்கு நகர்ந்து கி.மு. 1628-இல் வந்து நின்றது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த ஆண்டைத் தீராவுக்குக் கொடுத்த அதே பெய்லிதான் இப்போது அதை அலாஸ்காவுக்கு மாற்றி எழுதினார். 2022-இல் அரிசோனா மர வளைய ஆய்வகத்தின் ஷார்லட் பியர்சன் குழு, பனியிலுள்ள கண்ணாடித் துகள்களையும் கந்தகத்தின் ஐசோடோப்புகளையும் சேர்த்து ஆராய்ந்து, 1628-இன் குளிருக்குக் காரணம் அனியாக்சக்தான் என்று உறுதிசெய்தது. தீராவுக்கு எஞ்சிய கந்தக அடுக்குகள் கி.மு. 1611, 1562 முதல் 1555 வரையிலான ஒரு கொத்து, 1538 ஆகியவை மட்டும். எல்லாமே சிறியவை. தீரா குளிரைப் பெரிதாகக் கொண்டுவரவில்லை என்றுதான் இதற்குப் பொருள். தொலைதூர மரங்களில் அதைத் தேடியதே வீண்வேலையாக இருந்திருக்கலாம்.

தீவிலேயே புதைந்த மரம் இருந்தால் வழக்கு முடியும். 2006-இல் வால்டர் ஃபிரீட்ரிக் குழு சாண்டோரினியின் எரிமலைக் குப்பையில் நின்றபடியே புதைந்த ஆலிவ் கிளையைக் கண்டு, அதன் வளையங்களை ரேடியோ கார்பனால் அளந்து, கி.மு. 1627-க்கும் 1600-க்கும் இடையில் அது செத்தது என்றது. முற்பட்ட ஆண்டின் ஆதரவாளர்களுக்கு இது பெரிய வெற்றி. ஆனால் ஆலிவ் ஒரு மோசமான சாட்சி. அதன் வளையங்கள் ஒழுங்கற்றவை, தெளிவில்லாதவை. பவுலோ கெருபினியும் மற்றவர்களும் உயிருள்ள ஆலிவ்களை ஆய்வாளர்களிடம் கொடுத்து எண்ணச்சொன்னபோது, எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறியது. அதைவிட ஆழமான சிக்கலைப் பியர்சன் 2018-இல் கண்டார். ரேடியோ கார்பன் தரும் எண்ணை ஆண்டாக மாற்றும் அளவுகோல் அதுவரை பத்து, இருபது வளையங்களைச் சேர்த்து அரைத்து அளந்தது. பிரிசில்கோனையும் ஐரிஷ் ஓக்கையும் ஒவ்வொரு வளையமாக அளந்தபோது, அந்தப் பகுதி அளவுகோலே நகர்ந்தது. கி.மு. பதினேழாம் நூற்றாண்டுக்குரியது என்று வாசிக்கப்பட்ட அளவுகள் பதினாறாம் நூற்றாண்டுக்குள்ளும் வசதியாக விழுந்தன. 1628-ஐத் தீராவுக்குக் கொடுத்த இரண்டு மர வரிசைகளே இப்போது தீராவை அங்கிருந்து அப்புறப்படுத்தின.

அந்தக் காலத்தில் அளவுகோல் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் தட்டையாகக் கிடக்கிறது. ஒரு மரத்துண்டின் அளவு அந்த எண்பதில் எந்த ஆண்டுக்கும் பொருந்தும். 775-ஐப் போன்ற விண் ஏற்றம் எதுவும் அந்த இரு நூற்றாண்டுகளில் இதுவரை கண்டறியப்படவில்லை. எனவே பைக்துவில் செய்தது போல எண்ணிப் போக ஆணியும் இல்லை. 2023-இல் பியர்சன் குழு, சாண்டோரினியின் அண்டைத் தீவான தெரசியாவில் வெடிப்பில் கருகிப் புதைந்த ஆலிவ் புதரை அளந்து வெளியிட்டது. கடைசி வளையம் கி.மு. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைக் காட்டுகிறது. பனியின் 1562-1555 கொத்துக்கு அது அருகில் விழுகிறது. மேனிங் இன்னும் கி.மு. 1600-ஐ ஒட்டிய காலத்தையே நியாயப்படுத்துகிறார். நூறு ஆண்டு வித்தியாசத்தில் தொடங்கிய சண்டை இப்போது ஐம்பது ஆண்டுக்குள் சுருங்கியிருக்கிறது. அதை முடிக்கத் தேவையான பொருள் என்னவென்று இரு தரப்புக்கும் தெரியும்: ஆலிவாக இல்லாத, வளையம் தெளிவான ஜூனிபரோ பைனோ ஓக்கோ, நூறு வளையங்களுக்குக் குறையாமல், பட்டையோடு, தீராவின் சாம்பலுக்கடியில்.